கடைசியாகத் திருத்தியவள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

நோயியல் கையேட்டுக்கு ஆறு மாதமாக நான் எழுதிய கல்லீரல் கட்டிக் கட்டுரை வெளிவந்துவிட்டது. பெயர் மட்டும் என் அறைத்தோழியுடையது. கடைசியாகத் திருத்துபவர் பெயரே வர வேண்டும் என்பது எங்கள் கையேட்டுக் குழுவின் விதி. ஓரிடத்தில் கட்டியின் அளவைச் சென்டிமீட்டரில் விட்டிருந்தேன்; அவள் மில்லிமீட்டராக்கினாள், அவ்வளவுதான்.

கேட்டதற்கு, "விதிதானேடி, நான் என்ன பண்றது?" என்றாள். கூட இருந்தே குழி பறித்துவிட்டாள்.

திருத்தியும் பெயர் வரவில்லையென்று போன வருடம் அழுதாள். அவளுக்காக அந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தான்.

அப்பாவிடம் சொல்லாதே, என் பெயர் வரும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பார். அவள் வேறு அறைக்குப் போய்விட்டாள். ஒருத்திக்கு எத்தனை பிடி அரிசி போட வேண்டும் என்று எழுது. நேற்றும் இரண்டு பேருக்குப் பொங்கிவிட்டேன்.

அவசரத்தில்,
உன் மகள்