வாசலருகே நின்ற மூவர்

தம்பிக்கு,

கொதிகலன் வெடித்தபோது அறைக்குள் இருந்தவர் வெல்டர் மட்டும். அவர் இப்போது இல்லை. ஆலை வாசலருகே நின்றவர்கள் உன் அத்தான், நீ, காவலாளி. மூவரும் ஒரு சொல் பிசகாமல் இதையே சொன்னீர்கள். எனக்குத்தான் கணக்கு உதைக்கிறது.

அத்தான் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினால், அலறுகிற டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "சத்தமா வையேன்" என்கிறார். நேற்றிலிருந்து இருமினால் துண்டில் சிவப்பு நுரை. பொய்க்கா நன்றி சொன்னேன் என்றிருக்கிறது.

டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன். "வெளிக்காயம் இல்லேன்னா தப்பிச்சாச்சுன்னு அர்த்தமில்லம்மா. மூடின ரூம்ல வெடிச்சா காத்தே அறையும். காது கிழியும், நுரையீரல் உள்ளுக்குள்ள கசியும். உள்ளே இருந்தாரா? இப்பவே சேர்த்துடுங்க" என்றார். "வாசல்லதான் நின்னேன், எனக்கு ஒண்ணுமில்ல" என்று அத்தான் எழுந்து வந்துவிட்டார்.

உள்ளே போனது தெரிந்தால் வேலை போய்விடும் என்று மேலாளர் மிரட்டினாரா? போகட்டும் வேலை.

போனிலேயே கேட்டிருப்பேன். காலையில் "உள்ள யாருடா இருந்தீங்க?" என்றதற்கு "சாப்பிட்டேன்க்கா" என்றாய். மூன்று தடவை கேட்டும் அதே பதில். போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். நீயும் உள்ளேதானேடா இருந்தாய்?

பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உண்மையை உன் கையால் எழுதினால்தான் அத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார். நீயும் கூடவே கிளம்பு. கடிதம் கொண்டுவருபவரை நிற்கவைத்து உடனே பதில் எழுதிக் கொடு.

வாசலில் காத்திருக்கும்
உன் அக்கா