மலையில் விட்டு வந்த கரவன்

மச்சான்,

மூன்று நாளாக உன் கரவன், நீ குடியிருந்த அந்தச் சில்லு வீடு, எங்கள் வளவுக்குள் நிற்கிறது. குசினி யன்னலின் பாதி வெளிச்சத்தை அது மறைத்துவிட்டது. இன்று காலைதான் கதவை மறுபடியும் திறக்க மனம் வந்தது. காஸ் மணமும் ஈரத்துணி மணமும் நீ முழங்காலுக்குப் பூசும் தைலத்தின் மணமுமாக ஒரேயடியாக முகத்தில் வந்து விழுந்தன. "செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறு" என்று உள்ளேயிருந்து நீ சத்தம் போடாததுதான் குறை. நான் கழற்றிப்போட்டுத்தான் ஏறினேன். உன் மடக்கு மேசையில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

நீ இருந்தபோது உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. அகதிகள் விடுதியில் ஒரே இரும்புக் கட்டிலில் நீ மேல்தட்டும் நான் கீழ்த்தட்டுமாக இரண்டு வருடம் கிடந்தவர்கள் நாங்கள். எழுதுவதற்கு என்ன இருந்தது? பிறகு நீ லொறி ஓடப் போனாய். நான் ஸ்டுட்கார்ட் பக்கம் வந்து அடுக்குமாடிகளுக்குப் புல் வெட்டவும் குப்பைத்தொட்டி இழுக்கவும் பனி வழிக்கவும் தொடங்கினேன். அந்த வேலைக்கு வாங்கியதுதான் இந்தச் சின்னப் பிக்கப். நீ அதை ஒருநாளும் மதித்ததில்லை. "உது வண்டியில்லை மச்சான், எஞ்சின் பூட்டின தள்ளுவண்டில்" என்பாய். நாற்பது தொன் லொறியில் ஐரோப்பா முழுக்க ஓடியவனுக்கு அது அப்படித்தான் தெரியும்.

சீனி வருத்தம் உன் கண்ணில் கைவைத்ததும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. லைசென்ஸ் போனது, வேலை போனது, கடைசியில் குடும்பமும் பிரிந்தது. யார் பிழை என்று நான் கேட்கவில்லை. நீ கேளாமலே சொன்னாய், கிழமை தவறாமல். வழக்கு முடிந்த கையோடு ஒரு பழைய கரவனை வாங்கி, ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஆல்ப் மலைமேட்டில் வருடம் முழுக்க ஆட்கள் தங்கும் ஒரு காம்பிங் இடத்தில் ஒரு மூலையையும் பிடித்துவிட்டாய். அதை மேலே இழுத்துக்கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும். அவ்வளவு நாளும் பழித்த தள்ளுவண்டிலின் சொந்தக்காரனிடம்தான் வந்தாய்.

அந்தச் சித்திரை மாதச் சனிக்கிழமை என் கண்ணுக்குள் நிற்கிறது. என் வண்டிப் பத்திரத்தில் ஆயிரத்து முந்நூறு கிலோவுக்கு மேல் இழுக்கக்கூடாது என்று இருந்தது. உன் கரவன் சாமானோடு சாமானாக அதைத் தாண்டி நின்றது. கிரைண்டர், குளிருக்கு விறகு எரிக்கும் இரும்பு அடுப்பு, கருவிப்பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிக்கப்பின் பின்பெட்டிக்கு மாற்றினாய். பிறகு என் மனைவியிடம் குளியலறைத் தராசைக் கேட்டு வாங்கினாய். கரவனின் மூக்கை, வண்டியில் கொளுவும் முன்முனையை, ஒரு தடித்துண்டின் மேல் இருத்தி, தடியைத் தராசில் நிறுத்தி, குனிந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தாய்.

"மூக்கில எழுபத்தஞ்சு கிலோவுக்கு மேல போகப்படாது, குறைஞ்சாலும் கூடாது. பின்னுக்குப் பாரம் ஏத்தினியெண்டால் உது வால் ஆட்டும்."

"அண்ணை, அந்தத் தராசு ரெண்டு கிலோ கூடத்தான் காட்டும்" என்றாள் என் மனைவி.

"அது உமக்கு மட்டும்தான் தங்கச்சி" என்றாய். அவள் இரண்டு நாளைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

எண்பதில் போய்க்கொண்டிருந்தபோது பக்கத்தால் ஒரு பெரிய லொறி முந்தியது. அந்தக் காற்றில் கரவன் ஆடத் தொடங்கியது. கண்ணாடியில் பார்த்தால் உன் வீடு இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறித் தெரிகிறது. பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. என் கால் பிரேக்குக்குப் போனது. "பிரேக் அடிக்காதை! ஸ்டியரிங்கை நேரா பிடி. காலை எடு, காலை மட்டும் எடு" என்றாய். லொறியில் இத்தனை வருடம் ஓடிய குரல் அது. சொன்னபடி செய்தேன், அடங்கியது. அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி நேரே கரவனின் பின்பக்கப் பெட்டியைத் திறந்தாய். உள்ளே இருபது கிலோ அரிசி மூட்டை இரண்டு. நீ தனிய இருக்கப் போகிறாய் என்று உனக்குத் தெரியாமல் நான்தான் வைத்திருந்தேன்.

"அரிசி குடுக்கிறவன் சொல்லிப்போட்டுக் குடுக்கிறதில்லையோ? எங்களைக் கொல்லப் பாத்தியேடா!" நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரிப்பு முடிகிற இடத்தில் கண்ணைத் துடைத்தாய். நான் பார்க்காத மாதிரி மூட்டையைத் தூக்கி அச்சுக்கு மேலே வைத்தேன்.

மலை ஏற்றம் முழுவதும் முதலாம் கியர், இரண்டாம் கியர். கிளச் மணத்தது. பின்னால் வந்த கார்க்காரர்கள் எங்கள் பரம்பரையையே திட்டியிருப்பார்கள். நீ முன்தட்டைத் தட்டிக்கொண்டு "வா ராசா, வா ராசா" என்று என் பிக்கப்பைக் கூப்பிட்டாய். அன்றைக்குத்தான் அதற்கு உன்னிடம் மரியாதை கிடைத்தது. மேலே போய், கரவனைக் கழற்றிவிட்டு, உன் கையால் பால் விடாத ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு இறங்கினேன். நல்ல காரியம் ஒன்று செய்தோம் என்று எனக்கு உள்ளுக்குள் சரியான பெருமை.

கோடையில் இரண்டு தடவை வந்தேன். மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகளில் உன் தொலைபேசி. நீ சொல்வது எப்போதும் ஒரே கதை, பிரிந்துபோன மனைவி சொன்னது, நீ சொன்னது, நீதிபதி சொன்னது. நான் போனை மேசையில் வைத்துவிட்டு வெங்காயம் உரிப்பேன், இடைக்கிடை "ம்" கொட்டுவேன். உனக்கு அது தெரிந்திருக்கும். இன்றைக்கு ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை மச்சான், எனக்கு உன் கதை அலுத்துவிட்டது.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு நீ கதையைத் தொடங்கவில்லை. "மச்சான், இஞ்ச குளிர் துவங்கீட்டுது. அடுத்த மாதம் வெளித் தண்ணிப் பைப்பையும் பூட்டிப்போடுவினம். உன்ர வளவுக்குள்ள பங்குனி வரைக்கும் கரவனை நிப்பாட்டலாமோ? நான் ஒருத்தருக்கும் கரைச்சல் தரமாட்டன்" என்றாய்.

நீ ஒவ்வொரு நாளும் யன்னலுக்கு வெளியே இருக்கப்போகிறாய் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. வேலையால் வந்து வண்டியை நிறுத்தும்போது நீ கதவைத் திறந்துகொண்டு வருவாய், அந்தக் கதையோடு. அதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. வாயில் வந்தது வேறொன்று.

"ஏத்தினது வேற, இறக்கிறது வேற மச்சான். உந்த இறக்கத்தில என்ர பிக்கப் பிடிச்சு நிக்காது. பாரம் தள்ளிக்கொண்டு வந்திடும். உனக்குத் தெரியாததோ?"

உனக்குத் தெரியாததா! வாழ்நாளில் பாதியை இறக்கங்களில் ஓட்டியவன் நீ. இரண்டாம் கியரில் போட்டு ஆறுதலாக இறக்கலாம் என்று என்னைவிட உனக்குத்தான் தெரியும். "ஓம். அதுவும் சரிதான். பாரம்தான்" என்றாய். அடுத்ததாக, குனிந்து நிமிர ஏலாத என் நாரி நோவைப் பற்றி விசாரித்தாய். நானும் விபரமாகச் சொன்னேன்.

மாசியில் நீ போய்விட்டாய். நெஞ்சுதான், குளிர் இல்லை என்று வைத்தியர் சொன்னார். எங்கே இருந்தாலும் நடந்திருக்கும் என்றார். செத்தவீட்டில் எல்லாரும் அதையே ஆறுதலாகச் சொன்னார்கள். ஆனால் காம்பிங் பொறுப்பாளர் அம்மா உன் கதவைத் தட்டியது இரண்டாம் நாள். கரவன் எங்கள் வளவில் நின்றிருந்தால் குசினி யன்னலில் இருந்து உன் கதவு எட்டடி. தேத்தண்ணி நேரத்துக்கு நீ வராவிட்டால் என் மனைவி வந்து தட்டியிருப்பாள். நான் அந்த வைத்தியரை நம்ப எவ்வளவோ முயன்றேன்.

உன் மகள் போன கிழமை போன் எடுத்தாள். "மாமா, இடத்தை விடச் சொல்லீட்டினம். கரவனை நீங்களே எடுங்கோ, எனக்கு அதைப் பாக்க ஏலாது" என்றாள். மறுக்க எனக்கு வாய் ஏது?

வியாழக்கிழமை விடிய வெளிக்கிட்டுப் போனேன். கரவனுக்குள் ஏறினால் அலுமாரிகள் வெறுமை. கிரைண்டர் இல்லை, இரும்பு அடுப்பு இல்லை. ஒரு சட்டியும் இரண்டு பீங்கானும் போர்வையும்தான் இருந்தன. வெளியே வாசலோடு பூட்டியிருந்த கூடாரத்தையும் காணவில்லை. பொறுப்பாளர் அம்மா தன் கொட்டகையில் இருந்து அந்தக் கூடாரத்தைச் சுருட்டியபடியே தூக்கிக்கொண்டு வந்தார்.

"அவர் சொன்ன நண்பர் நீங்கள்தானா?" என்று கேட்டார்.

"யா, நான்தான்" என்றேன்.

இலையுதிர் காலத்தில் நீ சாமான் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தாயாம், கூடாரத்தை அவரிடம் விட்டாயாம். ஒரு விவசாயியின் ட்ராக்டரால் கரவனை இழுத்துக்கொண்டுபோய் ஊரிலுள்ள பெரிய தராசில் நிறை பார்த்தாயாம். ஆயிரத்து நூறு கிலோதான், கணக்குக்கு இருநூறு குறைவு என்று வந்து சிரித்தாயாம். "நண்பருடைய வண்டி சின்னது, அவருக்குக் கஷ்டம் கொடுக்கக்கூடாது. நாளைக்கு ஞாயிறு, அவருக்குப் போன் எடுத்துக் கேட்கப்போகிறேன்" என்று அவரிடம் சொல்லியிருக்கிறாய். பிறகு ஏன் போகவில்லை என்று அவர் கேட்டதற்கு, நண்பருக்கு வேலை அதிகம் என்றாயாம்.

ஆயிரத்து நூறு என்று நீ அன்றைக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் என் பொய் அந்த இடத்திலேயே பிடிபட்டிருக்கும். நீ சொல்லவில்லை. எனக்கு வெட்கம் வரக்கூடாது என்று, இரும்பு அடுப்பில்லாத அந்தப் பெட்டிக்குள் இருந்துகொண்டு "பாரம்தான்" என்றாய். கூடாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாவுக்கு முன்னால் அழுதேன் மச்சான். அவர் என் துக்கத்தை வேறு விதமாக விளங்கிக்கொண்டு தோளைத் தட்டினார்.

இறக்கம் ஒன்றுமேயில்லை. இரண்டாம் கியரில் போட்டேன், வண்டி தன்பாட்டில் இறங்கியது. பிரேக்கில் கால் வைத்தது நாலைந்து தரம் இருக்கும். மணக்கவில்லை, ஆடவில்லை, தள்ளவில்லை. ஆடினாலாவது எனக்குக் கொஞ்சம் நியாயம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். மத்தியானத்துக்கு முன்னம் வீட்டில் நின்றேன்.

மனைவி வெளியே வந்து கரவனைச் சுற்றிப் பார்த்தாள். அப்போதுதான் அவளிடம் சொன்னேன், நீ ஒக்டோபரில் கேட்டதையும் நான் சொன்ன மறுமொழியையும். அவள் மறுத்துவிடுவாள் என்று இவ்வளவு நாளும் எனக்குள் அவள்மீதும் கொஞ்சப் பழியைப் போட்டு வைத்திருந்தேன். அவள் கோபிக்கவில்லை. விளங்காத ஆளைப் போல என்னைப் பார்த்தாள்.

"கரவனை ஏனப்பா இழுக்கோணும்? பிள்ளை கார்ல்ஸ்ரூஹேக்குப் படிக்கப் போன நாளில இருந்து மேல அறை சும்மாதானே கிடக்குது. அண்ணையை மட்டும் ஏத்திக்கொண்டு வந்திருக்கலாமே."

அதற்குப் பிறகு அவள் உள்ளே போய்விட்டாள். மூன்று நாளாக எனக்கு வேறொன்றும் காதில் ஏறவில்லை. நீ கரவனைச் சொன்னாய், நான் கரவனுக்குப் பதில் சொன்னேன். "நீ வாவன்ரா" என்ற ஒரு சொல் எனக்கு வரவில்லை. உன்னை ஏற்றிவர என் பக்கத்து இருக்கை போதும். அது அன்றும் வெறுமையாகத்தான் இருந்தது, மச்சான்.