செவ்வாய்க்கிழமை முத்திரை

என்னங்க,

உங்கள் இருமல் நின்றதா? மருந்து குடித்தேன் என்று பொய் சொல்ல வேண்டாம், சின்னவள் எழுதிவிட்டாள். எனக்கு முட்டி வலி தவிர ஒரு குறையும் இல்லை.

என் வேலைதான் உங்களுக்குத் தெரியுமே. உலக நாடுகள் கூடும் எங்கள் சபை அனுமதித்தாலோ, தன்னை யாராவது தாக்கினாலோதான் ஒரு நாடு படையை ஏவலாம். திருப்பி அடித்தால் உடனே எங்களுக்குக் கடிதம் தர வேண்டும். அதில் தேதி முத்திரை குத்துவது நான்.

போன வாரம் ஒரு வேடிக்கை. செவ்வாய்க்கிழமை காலை ஒரு தூதரக அதிகாரி, ‘எங்களைத் தாக்கினார்கள், திருப்பி அடித்தோம்’ என்ற கடிதத்தைக் கொடுத்தார். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன். அந்தச் சண்டையில் முதல் குண்டு விழுந்ததோ மறுநாள் புதன்கிழமை. அன்று மாலையே மனிதர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“மேடம், புதன்கிழமைன்னு மாத்திக் குத்திடுங்களேன்.”

“அடி விழறதுக்கு முன்னாடியே அழுதுட்டீங்களே சார்!” என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் மாற்றவும் இல்லை.

மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டு, “உங்களுக்கு எதுக்கும்மா வம்பு? கொஞ்ச நாள் லீவுல இருங்க” என்றார். நாலு நாளாக அறையில் காலை நீட்டிப் படுத்திருக்கிறேன். அந்தக் கடிதம் இப்போது கோப்பிலேயே இல்லையாம், பக்கத்து மேசைக்காரி சொன்னாள்.

முட்டிக்குத் தைலம் அனுப்புங்கள். சின்னவளை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், எதைப் பற்றியானாலும் சரி.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. எதற்கும் நகல் எடுத்து வைக்கிற என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். உள்ளே மடித்திருக்கும் தாளை வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். யார் வந்து கேட்டாலும், தைலம் கேட்டு எழுதியிருந்தாள் என்று மட்டும் சொல்லுங்கள்.