மீதிப் பிரார்த்தனையையும் அனுப்பு

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுவது. நீ சுகமாகத்தான் இருக்கிறாய் என்று உன் ராப் பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அவ்வளவு வேகமாக மூச்சு வாங்காமல் பேசுவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். இங்கே நாங்களும் சுகம், அந்தச் சொல்லை மட்டும் நீ கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொள். அம்மாவுக்கு வலது கால் ஊன்ற வருகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசல் வரைக்கும் நடக்கிறாள், கை இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, வாய்ப்பேச்சு மட்டும் போன இடத்திலிருந்து திரும்பவே இல்லை. அக்கா வாராவாரம் வந்து தலை குளிப்பாட்டி, பின்னிவிட்டு, என்னை நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போகிறாள். நான் அரை நாள்தான் வேலைக்குப் போகிறேன். லிஃப்ட் ரிப்பேர்காரன் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை என்று நீ படிக்கிற காலத்தில் கேலி பண்ணுவாய், அதிலேதான் உன் பாட்டுக்காரப் பேரையும் மூணாம் மாடி என்று வைத்துக்கொண்டாய், இப்போது பக்கவாதம் வந்ததிலிருந்து உன் அம்மா கீழே இறங்க வேண்டுமென்றால் நாலு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டியிருக்கிறது. ஃபோனை நீ எடுப்பதில்லை. கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கடைசியாக வீடியோவில் வந்த அன்று அம்மா வாயைத் திறந்து திறந்து பார்த்துச் சத்தம் வராமல் போனதும் நீ அழுதுகொண்டே வைத்துவிட்டாய், அதோடு சரி. அவளை அப்படிப் பார்க்க உனக்குத் தாங்கவில்லை என்று தெரிகிறது, எனக்கும்தான் தாங்கவில்லை, ஆனால் நான் அதே வீட்டில் இருக்கிறவன், வைத்துவிட்டு எங்கே போவேன். அனுப்புகிற செய்தியையெல்லாம் நீ பார்த்துவிட்டாய் என்று மட்டும் ஃபோன் காட்டுகிறது, பதில் இல்லை. அதனால்தான் இந்தத் தாளை எடுத்தேன்.

உன் பாட்டு எனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று சொன்னால் சிரிப்பாய். கீழே சலூனில் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தேன், சலூன்காரர் வழக்கம்போல ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு கத்தியைத் தீட்டி வந்து தாடையில் வைத்தார், அந்த நேரம் பார்த்து உன் அம்மா பேசினாள். ஆண்டவனே என்று ஆரம்பித்தாள், அவள் குரல், அவளுடைய அந்த இழுவை, நான் துள்ளி எழுந்துவிட்டேன், கழுத்தில் ஒரு கீறல், அவர் சார் கொலைக் கேசுல மாட்டிவிடப் பாத்தீங்களே என்று கத்துகிறார். ஸ்பீக்கர் என் தலைக்கு மேலேயே இருந்தது, ஆனாலும் கால் வீட்டுக்குத்தான் ஓடியது. நுரை வழிய மூன்று மாடி ஏறிப் போய்க் கதவைத் திறந்தால் அவள் ஜன்னலோரம் எப்போதும்போல உட்கார்ந்திருக்கிறாள், என் மூஞ்சியைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். சலூன்காரர் அப்புறம் பாட்டை என் ஃபோனில் ஏற்றிக் கொடுத்தார். போன லீவில் நீ வந்திருந்தபோது விடியற்காலையில் அம்மா அடுப்படியில் நின்று ஜெபம் சொன்னதைப் பதிவு பண்ணியிருக்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. பின்னாலே ஒரு கரகரப்புச் சத்தம் தாளத்தோடு சேர்ந்து வருகிறதே, அது என்ன வாத்தியம் சார், புதுசா இருக்கு என்று கேட்டார். அது என் குறட்டை என்று நான் சொல்லவில்லை.

அம்மா போய்க்கொண்டிருந்த பிரார்த்தனைக் கூடத்துப் பெரியவரும் வந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு இரைக்க உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, உன் பாட்டை முழுசாகக் கேட்டார். நீ ஆண்டவனைப் பார்த்து, விடியுமுன்னே அம்மா உன் கதவத் தட்டுனா, ஒரு நாளாச்சும் எந்திரிச்சு யாருன்னு நீ கேட்டியா, தட்டுன கைய முடக்கிட்ட, கேட்ட வாயப் பூட்டிட்ட, சாவி உங்கிட்டதான்னா சொல்லு நான் எங்க வந்து நிக்கணும் என்று கேட்கிறாயே, அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். தாயோட ஜெபத்த டமடமன்னு தட்டுறதுக்கு நடுவுல போட்டு, ஆண்டவனையும் தெருச்சண்டைக்கு இழுத்திருக்கான், பசங்க பஸ்ஸுல ஆடுறாங்க, எடுத்துடச் சொல்லுங்க என்றார். அவர் கெட்டவர் இல்லை, அம்மாவைக் கீழே இறக்கும்போது நாற்காலியின் ஒரு காலை இன்றைக்கும் பிடிக்கிறவர் அவர்தான். சரி என்று தலையாட்டி அனுப்பினேன், யார் எது சொன்னாலும் இப்போது தலையாட்டுகிறேன். எனக்கும் நீ கேட்டது முதலில் சுருக்கென்றுதான் இருந்தது, அப்புறம் யோசித்தால் இத்தனை மாதமாக நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், என்னிடம் தாளம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனாலும் வாக்குக் கொடுத்துவிட்டேனே, பாட்டை எடுத்துவிடு என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். எழுத முடியாமல் போனதற்குக் காரணம் உன் அம்மா.

அவளிடம் இதை மறைத்துத்தான் வைத்திருந்தேன். தன் குரலைத் தானே கேட்டால் மனசு உடைந்துபோகும் என்று பயம். ஆனால் பெரியவருக்குப் போட்டுக் காட்டியபோது உள்ளேயிருந்து கேட்டுவிட்டாள், அவர் படி இறங்குவதற்குள் இடது கையால் கட்டிலைத் தட்டு தட்டு என்று தட்டினாள், மறுபடியும் போடு என்று. போட்டேன். உன் வேகப்பேச்சு முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தவள், தன் குரல் வருகிற இடத்தில் உதட்டை அசைத்தாள் சின்னவனே. ஆண்டவனே, எம்புள்ள எங்க இருந்தாலும் அவனை, என்று வருகிறதே, அது வரைக்கும் கூடவே போனாள், கடைசிச் சொல்லில் காற்று மாதிரி ஒரு சத்தமும் வந்தது. அங்கேதான் நீ வெட்டிவிட்டு டம் என்று அடிக்கிறாய். அவள் வாய் திறந்தது திறந்தபடி நிற்கிறது. அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கிறாள், நீ மறுபடி ஆண்டவனே என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறாய், அவளும் முதலிலிருந்து வருகிறாள், மறுபடி அங்கேயே நிற்கிறாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கட்டிலைத் தட்டுகிறாள், பத்துத் தடவையும் அங்கேதான் நிற்கிறாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் இதைப் பார்த்துவிட்டு அப்படிச் சந்தோஷப்பட்டாள். தினம் சொன்ன வார்த்தை எங்கயாவது உள்ள தங்கியிருக்கும் சார், முழுசாக் கேக்க வைங்க, ஒண்ணப் பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணு வரும், நாள் போகப் போகக் கஷ்டம் என்றாள். முழுசாக யாருக்குத் தெரியும். அந்த வரி நீ வெளியூர் போன பிறகு அவள் சேர்த்துக்கொண்டது, அக்காவுக்குத் தெரியாது, கூடத்தில் யாருக்கும் தெரியாது, நான் அந்த நேரத்தில் என்ன பண்ணிக்கொண்டிருந்தேன் என்பதுதான் உன் பாட்டிலேயே கேட்கிறதே. பென்சிலை இடது கையில் கொடுத்துப் பார்த்தேன், எழுத்தும் பேச்சோடு போய்விட்டது. காப்பாத்துன்னு வேண்டிக்கிட்டியா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினாள். கூட்டிட்டு வான்னா என்றேன், இல்லை. பெரியாளாக்குன்னா, இல்லை. நல்லா வைன்னா, இல்லை. மன்னிச்சுடுன்னா என்று கேட்டதற்குத் தலையணையைத் தூக்கி எறிந்தாள், அதையும் இடது கையால், குறி தப்பவில்லை. பிள்ளைக்காக ஒரு தாய் கேட்கக்கூடியது இன்னும் என்னதான் பாக்கி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டை நான் எத்தனையோ திறந்திருக்கிறேன், உள்ளே இருக்கிறவர்களிடம் பயப்படாதீங்க, நான் வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டே திறப்பேன். இவளிடமும் அதையே சொல்கிறேன், சாவிதான் என் கையில் இல்லை. இப்போதெல்லாம் விடியுமுன்னே விழிப்பு வந்துவிடுகிறது. அவளால் முடியவில்லையே என்று அவள் நின்ற இடத்தில் நான் போய் நிற்கிறேன், ஜெபம் எல்லாம் எனக்குப் பழக்கம் கிடையாது, உன் பாட்டில் இருக்கிறதைத்தான் சொல்கிறேன். ஆண்டவனே, எம்புள்ள எங்க இருந்தாலும் அவனை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அடுப்பைப் பற்றவைத்து டீ போடுகிறேன்.

பாட்டை எடுக்காதே. பெரியவரிடம் நான் பேசிக்கொள்கிறேன், என்ன பேசுவேன் என்று இப்போது தெரியாது. நீ கூப்பிட வேண்டாம், அவள் முகத்தைப் பார்க்க வேண்டாம், உனக்கு எப்போது முடியுமோ அப்போது பார், நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். அந்தப் பதிவை மட்டும் முழுசாக அனுப்பு. எங்கேயும் வெட்டாதே, இருமல் இருந்தால் இருமலோடு, பாத்திரம் விழுந்திருந்தால் அதோடு, என் குறட்டையோடு அனுப்பு. நேரத்துக்குச் சாப்பிடு, தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே, ராத்திரி வெகுநேரம் காதில் அதை மாட்டிக்கொண்டு உட்காராதே. அக்கா விசாரித்ததாக எழுதச் சொன்னாள். அம்மா இப்போது பக்கத்தில்தான் இருக்கிறாள், யாருக்கு எழுதுகிறேன் என்று தெரிந்துதான் தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆசீர்வாதத்தை எப்போதும் அவள்தான் சொல்லுவாள், நான் எழுதுவேன், இந்தத் தடவை எனக்குத் தெரிந்த வரைக்கும் நானே எழுதுகிறேன். ஆண்டவன், நீ எங்கே இருந்தாலும் உன்னை

இப்படிக்கு,
உன் அப்பா