அனுதாபச் செய்தியில் அகப்பட்டவர்

லூயிஷாம்,
புதன்கிழமை

அன்பு மகள் பிறேமினிக்கு,

அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் மாதாவின் துணையால் சுகம், கனடாவில் சஸ்கட்டூனில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு சுகமாக இருக்க வேண்டுகிறேன். அப்பா இப்போது டிஎல்ஆர் ரயில் நிலையப் படிகளில் ஏறுவதில்லை, பஸ்ஸில்தான் பூசைக்குப் போகிறோம். அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளிக்கிடு. ஞாயிற்றுக்கிழமை போனில் விடுங்கோ அம்மா என்று சொல்லி நீ வைத்துவிட்டாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் விடமாட்டேன். உன் புருஷன் லேவ் உவர் நிலத்தில் விளையும் கோதுமைக்காக ஏழு வருடம் மண்ணோடு கிடந்தவன். யூதப் பிள்ளை, எங்கள் மேசையில் புளிக்குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டே, மன்னாரில் கடல்நீர் ஏறிய வயல்களைப் பற்றி அப்பாவைத் துருவித் துருவிக் கேட்டவன். உக்ரேனில் பிறந்த ஊரான கார்கிவில் குண்டு விழுந்ததும் விதைப் பைகளை அடுக்கி வைத்துவிட்டுப் போய்ப் படையில் சேர்ந்தான், போன மாரியில் களத்தில் விழுந்தான். இப்போது அவனுடைய ஆராய்ச்சி நிலைய மேலதிகாரி ஹார்கிரீவ்ஸ் அந்தக் கோதுமையைத் தான் உருவாக்கியதாகத் தன் பெயரில் பதியக் கொடுத்திருக்கிறார். லேவ் வெறும் உதவியாளனாம். செத்தவன் வந்து கேட்கமாட்டான் என்ற துணிவு அந்த மனிதருக்கு.

ஆனால் எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது. முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர்ப் புத்தகம் அச்சடித்தோமே, லேவின் தாய்கூடத் தங்கள் யூத முறைக்கு முப்பது நாள்தான், ஒரு நாள் பிந்தினால் பரவாயில்லை என்று சொல்லி வந்திருந்தாவே. வேலைத்தலத்துப் பெரியவரிடம் அனுதாபச் செய்தி வாங்காமல் எங்கள் ஆட்கள் மலர் அடிப்பார்களா? நான்தான் கேட்டு எழுதினேன். தமிழ்ப் புத்தகம், யார் வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, இந்தக் கோதுமையை முதல் விதையிலிருந்து கடைசிக் கதிர்வரை லேவ் தனியாகவே தெரிந்தெடுத்தான், நாங்கள் கொடுத்தது இடம் மட்டுமே என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துத் தந்தார். அச்சகத்துக் கிருசாந்தன், இங்கிலிஷைக் கொஞ்சம் குறைக்கட்டோ அன்ரி என்று கேட்டான். ஓர் எழுத்தும் தொடாதே என்றேன். பன்னிரண்டாம் பக்கம் பார், அன்றைக்கு நீ அழுத அழுகையில் வாசித்திருக்கமாட்டாய். நுணலும் தன் வாயால் கெடும்.

அந்த மலரையும் அவருடைய கடிதத்தையும் பயிர் வகைப் பதிவு அலுவலகத்துக்குக் காட்டிவிட்டேன். மனைவி என்று நீ கையெழுத்து வைத்தால்தான் ஆட்சேபத்தை எடுப்பார்களாம். அவர் உன் துறையில் பெரிய ஆள், உன் வேலைக்கு இடைஞ்சல் வரும் என்று பயப்படுகிறாய். வரட்டும், வேறு வேலை தேடலாம். பங்குச் சுவாமியும் மன்னிக்கத்தான் சொல்கிறார், ஏழு எழுபது தரம் மன்னிக்க வேண்டுமாம். எனக்கு ஒரு தரமும் ஏலாது சுவாமி என்று சொல்லிவிட்டு வந்தேன். லேவின் மேல் குண்டு போட்டவன் யாரென்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் என் கை எட்டாது. இவரை எட்டும். நாலு பேர் முன்னால் இவர் தலை குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் நான் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன்.

மாதா உன்னைக் கைவிடமாட்டா. படிவம் இத்துடன் இருக்கிறது, இருபதாம் திகதிக்குள் கிடைக்கும்படி பதிவுத் தபாலில் அனுப்பு. அவன் உயிரை ஒருவன் எடுத்தான், பெயரை இன்னொருவன் எடுக்கிறான். மூன்றாவதாக உன்னை எண்ண வைக்காதே, மகள்.

அம்மா
எமில்டா சூசைதாசன்