சாமைக் களத்துல செருப்புத் தடம்

என் கண்ணு தேன்மொழிக்கு, மலையிலிருந்து அம்மா எழுதறது. இங்க நானும் உங்கப்பாவும் சினையா இருக்கற செவலப் பசுவும் சௌக்கியம். அங்க புனேயில நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா இருக்கணும்னு அறப்பளீசுவரர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். போன்ல பேசினா என்னைப் பேச விடாம நடுவுல சிரிப்ப, அதான் எழுதறேன். மூணாங்கிளாசு எழுத்து, தப்பிருந்தா உன் கதையில வர்ற போலீசை வெச்சுக் கண்டுபிடிச்சுக்க.

உன் துப்பறியும் புஸ்தகம் வந்துச்சு கண்ணு. பின்னட்டையில உன் போட்டோவுக்குக் கீழ கொல்லிமலைன்னு போட்டிருக்கறதை உங்கப்பா பஸ் கண்டக்டர் வரைக்கும் காட்டிட்டாரு. நான் எழுத்துக்கூட்டிப் படிச்சா அடுத்த தை வந்துரும்னு பக்கத்தூட்டு சுகுணா தெனம் மத்தியானம் வந்து சத்தமாப் படிச்சா, குச்சிக்கிழங்கு தோலைச் சீவிக்கிட்டே நாங்க பத்துப் பொம்பளைங்க கேட்டோம். ஊருக்கு வேற பேர் வெச்சுட்டா எங்களுக்குத் தெரியாதாக்கும்? நம்ம ஊத்து, நம்ம பலாமரம், உங்கப்பா கொறட்டை வரைக்கும் உள்ள கெடக்குது. நாலாவது நாளுதான் வந்துச்சு வம்பு. சாமைக் களத்துல ஒருத்தன் செத்துக் கெடக்கறான், காலைச் சாய்ச்சு நடக்கற மொளகுக்காரன் மேல போலீசுக்குச் சந்தேகம்னு படிச்சா. அடிப் பாவி, அது என் தம்பி, உன் மாமன் பொன்னனேதான! சொன்னது யாரோ, மறுநாள் சந்தையில அவனைப் பாத்து என்னப்பா கொலைகாரா, மொளகு நல்லா காச்சிருக்கான்னு கேட்டிருக்காங்க. நானும் சிரிச்சுட்டேன், தப்புதான். தோள்ல தூக்கிச் சுமந்தவனைக் கொலைகாரனாக்கிட்டா உன் மக, அதை அழிக்கற வரைக்கும் உன் ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னுட்டுப் போயிட்டான். படிக்கறதை அன்னையோட நிறுத்திட்டோம். பதினோரு நாள் அவன் வரலை. புஸ்தகத்தை எடுத்தா உன்னை நெனச்சுப் பெருமை, கீழ வெச்சா அவனை நெனச்சு அழுகை, எனக்குச் சோறு எறங்கலை.

பொறுத்துப் பாத்து நானே போனேன். முழுசாக் கேளுடா, அப்பறமும் கோவம் போகலைன்னா நீயே போன் போட்டு அவளைத் திட்டுன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். மொகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் உக்காந்தான். சாணி போட்டு மொழுவின ஈரக் களத்துல பொணத்துக்குப் பக்கத்துல செருப்புத் தடம் இருந்ததுன்னு சுகுணா படிச்சதுதான் தாமசம், படக்குன்னு எந்திரிச்சு நிறுத்து புள்ளன்னான். தானியம் போடற களத்துல இந்த மலையில பொறந்த எவனாச்சும் செருப்போட ஏறுவானா? கொலை பண்ற அவசரத்துலயும் ஓரத்துல கழட்டிப் போட்டுட்டுத்தான் ஏறுவான். இது வெளியாளு வேலைன்னான். மிச்சம் எண்பது பக்கத்தையும் அன்னைக்கே படிச்சோம். கடேசியில அதேதான், நெலம் வாங்க வந்த லாரிக்காரன்! உன் போலீசு எண்பது பக்கம் அலைஞ்சு கண்டதை உன் மாமன் உக்காந்த எடத்துல கண்டுட்டான். இப்ப அவனைக் கையில பிடிக்க முடியலை. அந்தச் சாய்கால்காரன் நாந்தான், என்னைக் காப்பாத்தினது என் அக்கா மகதான்னு சந்தையில அவனே கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்றான்.

எல்லாரும் போனப்பறம் அந்தச் செருப்புத் தடம் வர்ற பக்கத்தை மட்டும் நானே எழுத்துக்கூட்டிப் படிச்சேன். ஏழு வயசுல புது ரோஸ் செருப்பு போட்டுக்கிட்டு களத்துல ஓடினியே, முதுகுல ஒண்ணு வெச்சேனே, அந்த அடி இத்தனை வருசம் உள்ள இருந்து புஸ்தகமாயிருச்சு பாத்தியா. அடுத்த கதைக்கும் வேணும்னா நேர்ல வந்து வாங்கிட்டுப் போ. இன்னொண்ணு, ஐப்பசியில மொளகு பறிக்கறதா எழுதியிருக்க. மாசியிலன்னு மாத்து, உங்கப்பா மொனகி மொனகி என் காது போச்சு. நேரத்துக்குச் சாப்புடு, மாப்பிள்ளைக்கும் போடு.

கார்த்திகையில சாமை அடிக்கறோம், மறக்காம லீவு சொல்லு. புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கிட்டே வா சாமி. களத்தோரம் கழட்டிப் போடு, உன் மாமன் செருப்பு அங்க உனக்கு முன்னாடியே கெடக்கும். ரெண்டு பேரும் கொறையில்லாம, மலையாட்டம் நிலைச்சு இருக்கணும்.

இப்படிக்கு,
கொலைகாரனுக்கு அக்கா இல்லைன்னு தீர்ப்பான உன் அம்மா,
முனியாயி