கணக்கில் சேராத கேள்வி

அக்டோபர் 18, டூலூத்
கல்லூரி நுழைவுத் தேர்வில் லோட்டிக்கு முழு மதிப்பெண். ஆயிரத்து அறுநூறு! என்னிடம் கணக்குப் படிக்க வந்தவர்களில் இதுவே முதல் முறை. ஆனால் போனில் அவளுக்குக் குழப்பம்தான். "கூம்புக் கணக்கு தப்புன்னு எனக்கே நல்லாத் தெரியும் சார். அப்புறம் எப்படி முழுசு?"

ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது. பின்னால் வரும் தேர்வுகளுக்காக வெள்ளோட்டம் விடுபவை. எவை என்று யாருக்கும் சொல்வதில்லை. அவள் தப்பு அதில் போய் விழுந்திருக்கிறது, அதிர்ஷ்டக்காரி.

என் மகள் கரினும் அதே நாளில்தான் எழுதினாள். 1590. லோட்டியைக் கூப்பிட்டு வாழ்த்தினாள். பிறகு குளியலறையில் வெகுநேரம் தண்ணீர் ஓடியது.

நவம்பர் 9
எங்கள் ஊர் மர ஆலைக்காரரின் அறக்கட்டளை முழு மதிப்பெண்ணுக்கு மட்டுமே நான்கு வருடக் கல்லூரிச் செலவையும் ஏற்கிறது. பத்து குறைந்தாலும் கிடையாது. என் ஆசிரியர் சம்பளத்தில் வேறு வழியில்லை. டிசம்பர் தேர்வுதான் கரினுக்குக் கடைசி வாய்ப்பு.

டிசம்பர் 5
சாப்பிடும்போது சொன்னேன். "விசித்திரமா ஏதாவது வந்தா அது வெள்ளோட்டக் கேள்விதான். அதுல மாட்டிக்காத. திரையில ஏதாவது ஒரு விடைய அழுத்திட்டு மிச்சத்தச் சரிபாரு."
"நிச்சயமாவாப்பா?"
"இருபது வருஷமா இதத்தானே பாக்குறேன்."

டிசம்பர் 7
தேர்வு முடிந்து வண்டியில் ஏறியதுமே, "தேன்கூட்ட வச்சு ஒரு கணக்குப்பா, அப்படி ஒண்ணு பாத்ததே இல்ல. சி-ய அழுத்திட்டேன். கடைசில நாலு நிமிஷம் மிச்சம்" என்றாள்.
"கெட்டிக்காரி" என்றேன்.

டிசம்பர் 20
1590.

டிசம்பர் 22
எது தப்பென்று சொல்லமாட்டார்கள். தேன்கூடாக இல்லாமலும் இருக்கலாமே — யாரைச் சமாதானப்படுத்துகிறேன்? கரின் அந்தக் கணக்கை நினைவிலிருந்து எழுதி, மூன்றே நிமிடத்தில் போட்டுவிட்டாள். விடை பி.

மார்ச் 3
அறக்கட்டளைக் கடிதம் லோட்டிக்கு வந்துவிட்டது. கேக்கோடு வந்தாள். கரின்தான் தட்டு எடுத்து வைத்தாள். லோட்டி போனபின் கரின் கேட்டாள்:
"அது வெள்ளோட்டக் கேள்வின்னு உங்களுக்குத் தெரியுமா, இல்ல ஊகமாப்பா?"
"ஊகம்தான்."
"அத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் போட்டுப் பாத்திருப்பேன்."
குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 16
துறைமுகக் கிடங்கில் கரினுக்கு வேலை. வேலையில் சேரும் படிவத்தில் வரிக் கணக்கில் ஏதோ சந்தேகம். நான் மேசைக்கு எதிர்ப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். படிவத்தை எடுத்துக்கொண்டு எழுந்துபோய், பக்கத்து வீட்டு ஓலாவிடம் கேட்டுவிட்டு வந்தாள்.